சமூகக் கலைவிழாவில் மாணவர் ஓவியங்கள்: எல்லாவற்றையும் வைப்பதா, தேர்ந்தெடுத்து வைப்பதா?

வெண்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூகக் கலைவிழாவில் மாணவர் படைப்புகளுக்கென இம்முறை ஒரு தனிக்கூடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் முதல் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் வரை ஏறத்தாழ முந்நூறு பேர் கலந்துகொள்வார்கள் என்று தெரிகிறது. குழுவில் ஒரு சாரார், வந்த படைப்புகள் அனைத்தையும் வைத்தாக வேண்டும் என்கிறார்கள். மற்றொரு சாரார், அப்படிச் செய்தால் அது கண்காட்சியாக இராது, அறிவிப்புப் பலகையாகிவிடும் என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய கண்காட்சிகளை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், தேர்வு, காட்சி அமைப்பு, பெயர்ச்சீட்டு, பரிசு ஆகியவை பற்றித் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கரிக்கோல் எழுதியது:

நான் ஓவியன், பல விழாக்களில் தேர்வுக்குழுவில் அமர்ந்தவன். தேர்வு இல்லாத கண்காட்சியில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் மாணவர்கள்தாம் என்பது என் கருத்து. முந்நூறு படங்களை இடைவெளியின்றி ஒட்டிவைத்தால், பார்வையாளர் தம் பிள்ளையின் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார். மற்ற 299 படங்கள் சுவரின் நிறமாகவே அவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு படத்துக்கு உரிய மரியாதை என்பது அதைச் சுற்றியுள்ள வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத் தர இயலாதபோது, 'எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம்' என்று சொல்வதில் பொருள் இல்லை. அறுபது படங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை ஒழுங்காக வையுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு ஏமாற்றம் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கலையைக் கற்பவர் என்றேனும் ஒரு நாள் அந்த ஏமாற்றத்தைச் சந்தித்தே ஆக வேண்டும்.

நீலமை எழுதியது:

கரிக்கோல் அவர்கள் வெற்றிடம் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவை ஏற்க இயலவில்லை. நான் பல ஆண்டுகளாக ஓவிய ஆசிரியை. 'சிறந்த அறுபது' என்று பெரியவர்கள் பிரிக்கத் தொடங்கியவுடன் எவை மேலே வரும் என்பதை என்னால் பார்க்காமலே சொல்லிவிட முடியும். கோட்டுக்கு வெளியே வண்ணம் சிந்தாதவை, தாள் முழுவதும் நிரம்பியவை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன் எழுபவை, அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தவை ஆகியவையே வரும். ஆசிரியரின் கை பட்டுத் திருத்தப்பட்ட படங்களும் தவறாமல் அந்த வரிசையில் இருக்கும். தன் தாத்தாவின் கையை உடலைவிடப் பெரிதாக வரைந்த ஏழு வயதுக் குழந்தையின் படம் கழிக்கப்பட்ட அடுக்கில் கிடக்கும். அந்தக் கை ஏன் பெரிது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

குழந்தைகளின் ஓவியம் கண்காட்சிக்கு வந்த வரலாறே இந்தப் பழக்கத்துக்கு எதிராக எழுந்ததுதான். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கியபோது, பள்ளிகளில் ஓவியம் என்றால் வடிவ மாதிரிகளைப் பிழையின்றிப் பிரதி எடுப்பது என்றே பொருள். அவர் பிள்ளைகளைத் தம் மனத்திலிருந்து வரையவிட்டார். ஓவியர் கிளிம்ட்டும் அவருடைய தோழர்களும் 1908-இல் அதே நகரில் நடத்திய பெருங்கண்காட்சியில், சிசெக்கின் மாணவர்களுடைய படைப்புகளும் அக்காலத்துப் புதுமைக் கலைஞர்களின் படைப்புகளோடு இடம்பெற்றன. நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தமது 291 என்னும் கலைக்கூடத்தில் 1912-இல் குழந்தைகளின் ஓவியங்களை வைத்தார். லண்டனில் கலை விமர்சகர் ரோஜர் ஃபிரை 1917-இல் தமது ஒமேகா கலைப்பட்டறையில் வைத்த குழந்தை ஓவியங்களில், மேரியன் ரிச்சர்ட்சன் என்னும் பள்ளி ஆசிரியையின் மாணவியர் வரைந்தவையும் இருந்தன. இவர்கள் யாரும் பெரியவரைப் போல வரைந்த பிள்ளையைத் தேடவில்லை. பெரியவர் இழந்துவிட்ட பார்வை இப்பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதனாலேயே அந்தப் படங்களைச் சுவரில் ஏற்றினார்கள்.

ஆகவே என் யோசனை இது: எந்தப் படம் வைக்கப்பட வேண்டும் என்பதை வரைந்த பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒருவருக்கு ஒரு படம் மட்டுமே. பெரியவர்களின் திறமையை, அந்த ஒரு படத்தை எப்படி வைப்பது என்பதில் காட்டுவோம்.

கரிக்கோல் எழுதியது:

அம்மையீர், பிள்ளை எப்படித் தேர்ந்தெடுக்கும்? தன் தோழி புகழ்ந்த படத்தையோ, அதிக நேரம் எடுத்துக்கொண்ட படத்தையோதான் கொடுக்கும்.

நீலமை எழுதியது:

கொடுக்கட்டும் ஐயா, அதுவும் ஒரு காரணம்தானே. நம் தேர்வுக்குழுக்களில் சொல்லப்படும் காரணங்கள் எப்போதும் அதைவிட உயர்ந்தவையா? வகுப்பில் நான் செய்வது இதுதான்: அந்த ஆண்டில் வரைந்த படங்கள் அனைத்தையும் பிள்ளை தரையில் பரப்பிக்கொள்ள வேண்டும், மூன்றை எடுத்துவைக்க வேண்டும், அந்த மூன்றில் எது, ஏன் என்று எனக்கோ பக்கத்துப் பிள்ளைக்கோ சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வகுப்புநேரம் போதும். 'இதில் நாய் ஓடுவது போலவே இருக்கிறது' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, தன் படத்தைத் தானே எட்டநின்று பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. கண்காட்சியால் மாணவருக்குக் கிடைக்கக்கூடிய பயன்களுள் இதை முதலாவதாக வைப்பேன். கூட்டத்தின் கைதட்டல் இதற்குப் பிந்தியது.

தட்டிக்கணக்கு எழுதியது:

கண்காட்சிகளுக்குத் தட்டிகள் அமைப்பது என் தொழில். கொள்கையை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். நான் இடத்தின் கணக்கைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் வைப்பது இயலாது என்று பலரும் அளந்து பாராமலே சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாரும் ஏ3 தாளில், அதாவது 29.7க்கு 42 செ.மீ. அளவில் தருகிறார்கள் என்று கொள்வோம். சுற்றிலும் 5 செ.மீ. அட்டை ஓரம் விட்டு ஒட்டினால் ஒரு படம் ஏறத்தாழ 40க்கு 52 செ.மீ. ஆகும். படங்களைக் கிடைமட்டமாக இரண்டு வரிசையில், நடுவே 10 செ.மீ. விட்டு வைத்தால் உயரம் 90 செ.மீ.; தரையிலிருந்து 75 செ.மீ. தொடங்கி 165 செ.மீ.க்குள் முடிந்துவிடும். 1.2 மீட்டர் அகலமுள்ள தட்டியில் வரிசைக்கு இரண்டு படங்கள், ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு, இரு பக்கமும் எட்டு. முந்நூறு படங்களுக்கு 38 தட்டிகள் தேவைப்படும். அட்டை ஓரம் இல்லாமல் நெடுக்குவாட்டில் வைத்தால் பக்கத்துக்கு ஆறு, தட்டிக்குப் பன்னிரண்டு. 25 தட்டிகளே போதும். மூன்றாவது வரிசை மட்டும் வேண்டாம். கீழ்வரிசையைப் பெரியவர்கள் குனிந்து பார்க்கமாட்டார்கள். மேல்வரிசை குழந்தைகளுக்கு எட்டாது.

25 தட்டிகள் என்பது நடுத்தரக் கூடத்தில் கொள்ளக்கூடிய அளவே. தட்டிகளை நேர்வரிசையாக நிறுத்தாமல் வளைந்து வளைந்து செல்லும்படி நிறுத்தினால், எந்த இடத்தில் நின்றாலும் பத்துப் பன்னிரண்டு படங்களுக்குமேல் கண்ணில் படா. கரிக்கோல் ஐயா கேட்கும் வெற்றிடத்தில் பாதியை இந்த வளைவே தந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவர் தடையின்றித் திரும்புவதற்கு ஒவ்வொரு வளைவிலும் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி நாளில் அந்த இடத்தில்தான் யாரேனும் மேசையைக் கொண்டுவந்து போடுவார்கள்.

கரிக்கோல் எழுதியது:

கணக்குக்கு நன்றி. இருபத்தைந்து தட்டிகளில் செய்ய முடியும் என்றால் சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை என் எதிர்ப்பைக் கைவிடுகிறேன். ஆனால் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களையும் அதே விதியில் அடக்குவது சரியன்று. அந்த வயதில் மாணவர் தாமே தம் படைப்பைக் கடுமையாக மதிப்பிடத் தொடங்குகிறார். 'எதைக் கொடுத்தாலும் வைத்துவிடுவார்கள்' என்பது அவருக்கு மரியாதையாகத் தோன்றாது. அவர்களுக்குத் தேர்வு இருக்கட்டும். ஒரு நிபந்தனை: தேர்வுக்குழுவில் மாணவர்களும் அமர வேண்டும், விலக்கப்பட்ட ஒவ்வொரு படைப்புக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தர வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் நடுவர்கள் எவ்வளவு கவனமாகிவிடுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். 'முதிர்ச்சி இல்லை' என்று வாயால் சொல்வது எளிது; எழுதும்போது எங்கே, எதில் என்று சொல்லியாக வேண்டும்.

வெண்தாள் எழுதியது:

இந்தப் பிரிவு நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். வயதுக்குழுக்களைத் தனித்தனியாக வைக்க வேண்டுமா? பள்ளிவாரியாக வைக்க வேண்டும் என்றும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

நீலமை எழுதியது:

பள்ளிவாரியாக வேண்டவே வேண்டாம். பள்ளியின் பெயர்ப்பலகைக்குக் கீழே படங்கள் தொங்கினால், பார்ப்பவர் பள்ளிகளை ஒப்பிடத் தொடங்கிவிடுவார். படம் அதற்குச் சான்றாகச் சுருங்கிவிடும். வயதுவாரி வரிசையிலும் ஒரு குறை உண்டு: ஆறு வயதில் தொடங்கிப் பதினேழில் முடியும் பாதையில் நடப்பவர், முன்னது குறைபாடு, பின்னது நிறைவு என்று தம்மை அறியாமலே எண்ணிக்கொள்கிறார். பொருள்வாரியாக வைத்துப் பாருங்கள். மழையை வரைந்த ஆறு வயதுப் பிள்ளையும் பதினாறு வயது மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சிறு பிள்ளை மழையைத் தனித்தனிக் கோடுகளாகப் போட்டிருக்கும். பெரிய மாணவர் மழைக்குப் பின்னால் மங்கும் தெருவைப் போட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு நாம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர்_ஒருவர் எழுதியது:

பரிசு உண்டா இல்லையா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஊக்கம் இராது என்பது எங்கள் பெற்றோர் குழுவின் கருத்து. முதல் மூன்று இடங்களும், எல்லாருக்கும் பங்கேற்புச் சான்றிதழும் இருந்தால் நல்லது.

உளவியல்_மாணவி எழுதியது:

இதைப் பற்றி 1973-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தை ஓவியத்தை வைத்தே நடத்தப்பட்டது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் முன்பே ஆர்வம் காட்டிய குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், வரைந்தால் பொன்னிற முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு, எதிர்பாராத வகையில், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகு, சான்றிதழ் பேச்சே இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில், சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லப்பட்ட குழு வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு குழுக்களின் நேரத்தில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் தாழ்ந்திருந்ததாக, எந்தக் குழுவின் படம் என்று அறியாத மதிப்பீட்டாளர்கள் கருதினார்கள்.

இதனால் எல்லாப் பரிசும் தீயது என்று முடிவுகட்டிவிட இயலாது. எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் ஆர்வத்தைக் குறைக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வேண்டாதது எது என்றால், தாமாகவே விரும்பி வரையும் பிள்ளையிடம் 'வரைந்தால் இது கிடைக்கும்' என்று முன்னால் பேரம் பேசுவதுதான். ஆகவே விழா அறிவிப்பில் பரிசைக் குறிப்பிடாதீர்கள். விழா முடிந்தபின் ஒவ்வொருவருக்கும் ஏதாவது தர விரும்பினால் ஒரு நல்ல வரைதாள் புத்தகத்தைத் தரலாம்.

பெற்றோர்_ஒருவர் எழுதியது:

முதல் மூன்று இடங்களைக் கைவிடும்படி எங்கள் குழுவிடம் பேசிப்பார்க்கிறேன். எளிதாக ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை. பார்வையாளர் வாக்கு என்று வைத்துக்கொண்டால் என்ன?

கரிக்கோல் எழுதியது:

அதைவிட முதல் மூன்று இடங்களே மேல். பார்வையாளர் வாக்கில் உறவினர் எண்ணிக்கைதான் வெல்லும்.

வேறொன்று செய்யலாம். ஒவ்வொரு தட்டிக்கும் அருகில் ஓர் அஞ்சல்பெட்டி போன்ற சிறு பெட்டியும் வெற்றுச்சீட்டுகளும் வையுங்கள். பார்வையாளர் தாம் அறியாத ஒரு பிள்ளையின் படத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடட்டும். குழு அவற்றைப் படித்துப் பார்த்து, புண்படுத்துவனவற்றை நீக்கிவிட்டு, படத்தைத் திருப்பித்தரும் உறையில் சேர்த்து அனுப்பலாம். 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், படத்தில் கண்ட ஒன்றைக் குறிப்பிட்டு எழுதும்படி பெட்டியின் மேல் ஒரு வேண்டுகோளை ஒட்டிவையுங்கள். எந்தச் சீட்டும் விழாத பிள்ளைக்குக் குழுவினரே எழுத வேண்டும். அதையும் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

நீலமை எழுதியது:

பெயர்ச்சீட்டு பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான விழாக்களில் பெயர், வகுப்பு, பள்ளி என்ற மூன்று வரிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். வரைந்தவரின் சொந்தச் சொற்கள் அதில் இருக்க வேண்டும். இத்தாலியின் ரெஜ்ஜோ எமீலியா நகரத்து மழலையர் பள்ளிகள் இதை ஒரு கலையாகவே வளர்த்தன. கல்வியாளர் லோரிஸ் மலகுட்சியின் வழிகாட்டுதலில் அவர்கள் 1981-இல் தொடங்கிய பயணக் கண்காட்சி, பின்னர் 'குழந்தைகளின் நூறு மொழிகள்' என்ற பெயரில் பல நாடுகளுக்குச் சென்றது. அங்கே முடிந்த படத்தோடு சேர்த்து, அது உருவான வழியும் காட்சிக்கு வந்தது: முதல் கிறுக்கல், இடையில் மாறிய எண்ணம், வரையும்போது குழந்தை பேசிய சொற்கள் என எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். பார்க்க வந்தவர், குழந்தை யோசிக்கும் விதத்தைப் படித்துச் செல்வார்.

இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் கேள்வி கேட்கும் விதம் முக்கியம். 'இது என்ன?' என்று கேட்டால், குழந்தை தன் படம் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். 'வீடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். 'இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லேன்' என்று கேட்டால் வேறு விடை வரும். வந்ததை அப்படியே எழுதுங்கள். இலக்கணத்தைத் திருத்தாதீர்கள், பெரியவரின் தத்துவத்தை அதில் ஏற்றாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் படத்தின் கீழே 'இயற்கைக்கும் மனிதனுக்கும் இடையிலான முரண்' என்று எழுதியிருந்தால், அதை எழுதியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தட்டிக்கணக்கு எழுதியது:

சீட்டின் எழுத்து (கணினி எழுத்தளவில்) 18 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். மங்கலான தாளில் மங்கலான மை வேண்டாம். படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையை ஒட்டி, எல்லாச் சீட்டுகளும் ஒரே இடத்தில் வந்தால் கண் அலையாது.

உரிமைப்பார்வை எழுதியது:

நான் சட்டத்துறையில் பணியாற்றுகிறேன். இரண்டு செய்திகளைக் குழுவினர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலாவது, படைப்புரிமை. படம் வரைந்த பிள்ளைதான் அதன் ஆசிரியர். வயது இதற்குத் தடையன்று. படைப்புரிமை பற்றிய 1886-ஆம் ஆண்டின் பெர்ன் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எந்தப் பதிவும் இல்லாமலே உரிமை தோன்றிவிடுகிறது. ஆகவே விழா அழைப்பிதழிலோ அடுத்த ஆண்டு நாட்காட்டியிலோ ஒரு மாணவரின் படத்தை அச்சிட வேண்டுமானால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். 'சமர்ப்பிக்கப்பட்ட படைப்புகள் யாவும் விழாக்குழுவுக்கே சொந்தம்' என்ற ஒற்றை வரியைப் படிவத்தில் சேர்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை நீக்கிவிடுங்கள். கூடத்தில் வைப்பதற்கு ஓர் ஒப்புதல், அச்சிடுவதற்கு ஒன்று, இணையத்தில் ஏற்றுவதற்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு இசைந்தவர் மற்றொன்றுக்கு மறுக்கலாம்.

இரண்டாவது, பெற்றோரின் கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள். 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விவகாரங்களில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 13-ஆம் பிரிவு, கருத்தை வெளிப்படுத்தும் வழிகளுள் கலையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிள்ளை விரும்பாத படத்தைப் பெற்றோர் விரும்பித் தருவது அரிதான செயல் அன்று. படிவத்தில் பிள்ளை கையொப்பமிடவும் ஓர் இடம் விடுங்கள்.

பெயர்ச்சீட்டில் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவதும், அதைப் படத்தோடு சேர்த்து இணையத்தில் ஏற்றுவதும் தேவையற்ற தகவல் வெளியீடு. முதற்பெயரும் வயதும் போதும். பெயரே வேண்டாம் என்றாலும் தவறில்லை.

நீலமை எழுதியது:

பாதுகாப்பு பற்றிய கவலையை மதிக்கிறேன். ஆனால் 'பெயரே வேண்டாம்' என்பதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது. ஜெர்மனியின் பவுஹௌஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1942-இன் இறுதியில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் சிறைநகரத்துக்கு அனுப்பப்பட்டபின், அங்கே அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்கு இரகசியமாக ஓவியம் கற்பித்தார். படத்தில் தங்கள் பெயரை எழுத வேண்டும் என்று அவர் பிள்ளைகளிடம் வலியுறுத்தினார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பிப் பிழைத்து, இன்று பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை வரைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பவில்லை. யார் வரைந்தது என்பதை அந்தக் கையெழுத்துகளே சொல்கின்றன.

நம் விழாவுக்கும் அந்தக் கொடுமைக்கும் எவ்வகை ஒப்பும் இல்லை. ஆனாலும் தன் பெயரைத் தன் படத்தில் எழுதுவது ஒரு பிள்ளைக்கு என்ன பொருள் தருகிறது என்பதை அது காட்டுகிறது. பிள்ளை படத்தில் இட்ட கையொப்பத்தை அட்டை ஓரத்தால் மறைக்காதீர்கள். சீட்டில் எவ்வளவு பெயர் என்பதையும் பிள்ளையிடமே கேளுங்கள்.

உரிமைப்பார்வை எழுதியது:

ஏற்கிறேன். கூடத்துக்குள் பிள்ளை விரும்பும் பெயர், இணையத்தில் முதற்பெயர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நிறைவேறும்.

வெண்தாள் எழுதியது:

ஒரு சங்கடத்தையும் இங்கே வைக்கிறேன். மேல்வகுப்பு மாணவர் ஒருவர், இறப்பையும் துயரத்தையும் பற்றிய கனத்த படம் ஒன்றைத் தந்திருக்கிறார். 'குடும்பத்தோடு வரும் விழாவில் இது எதற்கு?' என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள்.

கரிக்கோல் எழுதியது:

அந்தப் படம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாணவர் கண்காட்சி என்றாலே மலரும் வண்ணத்துப்பூச்சியும் மட்டும்தான் என்று பெரியவர்கள் எதிர்பார்ப்பதால், பதினாறு வயதினர் தாம் உண்மையில் எண்ணுவதை ஒளித்துவைத்துவிட்டு, நமக்குப் பிடித்ததை வரைந்து தருகிறார்கள். படத்தை வையுங்கள். சிறு பிள்ளைகள் ஓடிவரும் வாயிலில் வைக்க வேண்டியதில்லை. கூடத்தின் உட்புறத்தில், தனித்தட்டியில், மாணவரின் சொந்தக் குறிப்போடு வைக்கலாம்.

உளவியல்_மாணவி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். வைப்பதா இல்லையா என்று முடிவு செய்யும்முன், அவர் நம்பும் ஆசிரியர் ஒருவர் தனியே அவரிடம் பேச வேண்டும். படம் துயரத்தைக் காட்டுவதனாலேயே வரைந்தவர் ஆபத்தில் இருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே படத்தை வைத்து மனநிலையைக் கணிப்பது நம்பத்தக்க முறையும் அன்று. ஆனால் கேளாமல் விட்டுவிடுவதும் சரியன்று. முன்பின் அறியாதவர்கள் இந்தப் படத்தின் முன் நின்று பேசுவார்கள், அவர் காதுபடவும் பேசுவார்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அதன்பிறகும் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அது அவருடைய முடிவு.

தட்டிக்கணக்கு எழுதியது:

ஒட்டும் முறை பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் படங்கள் பாழாவது அங்கேதான். செல்லோடேப்பையும் இருபக்க ஒட்டுநாடாவையும் படத்தின்மேல் எந்நிலையிலும் ஒட்டாதீர்கள். எடுக்கும்போது தாளின் தோல் உரிந்துவிடும். களிம்புபோல் பிசைந்து ஒட்டும் பசை, சில வாரங்களில் எண்ணெய்க்கறையை விட்டுவிடும். தாளை மடித்து முக்கோண மூலைப்பைகள் நான்கு செய்து, அவற்றை அட்டையில் ஒட்டி, படத்தின் மூலைகளை அவற்றுக்குள் செருகிவிடுங்கள். படத்தில் ஒரு துளிப் பசைகூடப் படாது. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதானால், கிளிப்புக்கும் படத்துக்கும் நடுவே மடித்த அட்டைத்துண்டு ஒன்று வேண்டும்.

கரி, சாக்பீஸ் போன்ற உதிரும் பொருளால் வரைந்த படங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்னூட்டம் பொடியை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றுக்கு உயரமான அட்டை ஓரம் வைத்து, முன்புறம் எதுவும் படாமல் விடுங்கள்.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவைக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் விழாவுக்கு அவ்வளவு இருட்டு தேவையில்லை. யாருக்கும் படம் தெரியாது. ஆனால் நேர்வெயில் பல்லாயிரம் லக்ஸைத் தாண்டிவிடும், ஸ்கெட்ச் பேனாவின் சாயமோ வெளிச்சத்தில் விரைவில் வெளிறக்கூடியது. எனவே சன்னலுக்கு எதிரில் அக்ரிலிக் படங்களை வையுங்கள். ஸ்கெட்ச் பேனா படங்களும் நீர்வண்ணப் படங்களும் உள்ளே போகட்டும்.

சுடாத களிமண் உருவங்கள் வந்தால் அவற்றை மணல் பரப்பிய தட்டில் பாதி புதைத்து வையுங்கள். மேசை சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.

பெற்றோர்_ஒருவர் எழுதியது:

மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் தம் படங்களை விற்க விரும்புகிறார்கள். அனுமதிக்கலாமா?

உரிமைப்பார்வை எழுதியது:

மாணவரும் பெற்றோரும் விரும்பினால் தடை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலைச்சீட்டைப் படத்தின் அருகில் தொங்கவிடாமல், விசாரிப்பவருக்கு மட்டும் காட்டும் தனிப்பட்டியலாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் விற்பனைக்கு வைக்காத படங்களைக் குறைவாக எண்ணுவார்கள். தொகை முழுவதும் யாருக்குப் போகிறது என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். மூலப்படத்தை வாங்கியவருக்குத் தாள் மட்டுமே சொந்தமாகிறது. எழுத்துவழி ஒப்பந்தம் இல்லாதவரை, அதை அச்சிடும் உரிமை பொதுவாக மாணவரிடமே இருக்கும். வாங்குபவரிடம் இதைச் சொல்லும் ஒரு வரியை ரசீதிலேயே அச்சிடலாம்.

வெண்தாள் எழுதியது:

மிக்க நன்றி. சிறு பிள்ளைகளுக்கு அவரவர் தேர்ந்த ஒரு படம், மேல்வகுப்பினருக்கு மாணவரும் அமரும் தேர்வுக்குழு, பொருள்வாரியான அமைப்பு, பரிசு அறிவிப்பு இல்லை என்ற நான்கையும் குழுவின் முன் வைக்கிறேன். திருப்பித்தருவது பற்றி மட்டும் ஐயம் இருக்கிறது. விழா முடிந்ததும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் என்ன செய்வது?

தட்டிக்கணக்கு எழுதியது:

படத்தை வாங்கும்போதே பின்புறத்தில் மென்பென்சிலால் ஒரு வரிசை எண்ணை எழுதிவிடுங்கள். பேனா மறுபக்கம் ஊறும். அதே எண் பதிவேட்டிலும் பெற்றோரிடம் தரும் துண்டிலும் இருக்கட்டும். பிரிக்கும்போது தட்டிவாரியாகப் பிரிக்காமல் எண்வாரியாக அடுக்கி, ஐம்பது ஐம்பதாகத் தனித்தனி மேசைகளில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாங்காமல் விட்ட படங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சுருட்டாமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, மறுவாரம் அந்தந்தப் பள்ளிக்கு ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் போவது என்பதை விழாவுக்கு முன்பே பெயர் குறித்து எழுதிக்கொள்ளுங்கள்.